திம்பம் ஏத்தத்துல புல்லட் சூடாகி நின்னுபோச்சு: மெதுவா ஓட்டியும் ஏன் இப்படி?

சத்திரோடு (கோவை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என்கிட்ட இருக்கறது 1992 மாடல் புல்லட் 350. பழைய வார்ப்பிரும்பு இஞ்சின், வலது கால்ல கியர், பாயிண்ட் இக்னிஷன் (பிளக்குக்குப் பொறி தர்ற பழைய முறை). அப்பா ஓட்டின வண்டி. அவர் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு. போன வருஷம்தான் எடுத்து ஓட்டற நிலைக்குக் கொண்டுவந்தேன்.

நான் வேகமா ஓட்டற ஆளே இல்லைங்க. 45, 50க்கு மேல முள்ளு போகாது. ஞாயித்துக்கிழமை கிளம்பி, பாத்த இடத்துல நின்னு, டீ குடிச்சு, சாயங்காலம் வீடு திரும்பணும். எனக்கும் வீட்டுக்காரிக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.

போன ஞாயிறு அன்னூர், புளியம்பட்டி, சத்தி வழியா பண்ணாரி போய் அம்மனைக் கும்பிட்டுட்டு, அப்படியே திம்பம் ஏறி ஆசனூர் வரைக்கும் போயிட்டு வரலாம்னு திட்டம். கிளம்பவே ஒன்பதரை ஆயிருச்சு. பண்ணாரில மலையடிக்கு வர்றப்ப உச்சி வெயில். மூணாவது வளைவுலயே ஒரு பாரம் ஏத்தின லாரி முன்னாடி மாட்டிக்குச்சு. 27 கொண்டை ஊசி வளைவு இருக்கற மலைப்பாதையில எங்க முந்த முடியும்? அது பின்னாடியே 15, 20ல உருட்டிக்கிட்டுப் போனேன்.

பாதி ஏறினதும் இஞ்சின்ல இருந்து ஒரு சத்தம். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி. அப்புறம் இழுவை குறைஞ்சுகிட்டே வந்துச்சு. 20ஆவது வளைவு தாண்டினதும் ரெண்டாவது கியர்லயே இருமி நின்னுபோச்சு. கிக்கரை மிதிச்சா கால் சும்மா இறங்குது, கம்ப்ரஷனே இல்லாத மாதிரி. கொதிக்கற எண்ணெய் வாசம் வேற.

அது புலிகள் காப்பகம். பத்து நிமிஷத்துல வனத்துறை ஜீப் வந்து, இங்க நிக்கக் கூடாது, யானை வர்ற இடம்னு சொல்லிட்டாங்க. நிலைமையைச் சொன்னதும் அவங்களே கூட நின்னாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு மிதிச்சேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. ஆசனூர் போகாம அப்படியே திருப்பிட்டோம்.

நான் கேக்கறது இதுதாங்க. வேகமா ஓட்டினாத்தானே இஞ்சின் சூடாகும்? நான் உருட்டிக்கிட்டுத்தானே போனேன்?

---

பட்டறைக்காரன் (பொள்ளாச்சி)

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த இடத்துல நீங்க பதட்டப்பட்டு மறுபடி மறுபடி மிதிக்காம விட்டீங்க பாருங்க, அதுதான் பிஸ்டனைக் காப்பாத்துச்சு. சூட்டுல எண்ணெய் தண்ணி மாதிரி ஆகி, பிஸ்டன் ஓடற போர் சுவத்துல நிக்காது. அந்த நேரத்துல வம்பா மிதிச்சா கோடு விழுந்துரும்.

உங்க இஞ்சினுக்கு ரேடியேட்டரும் இல்ல, ஃபேனும் இல்ல. அது மேல அடுக்கடுக்கா இருக்குதே ஃபின், அதுல படற காத்துதான் எல்லாமே. வண்டி நகர்ந்தாத்தான் காத்து. நீங்க 15ல போறீங்க, முன்னாடி லாரி செவுரு மாதிரி மறைச்சுக்கிட்டுப் போகுது, அதோட புகையும் அனலும் நேரா உங்க இஞ்சினோட மேல்பகுதி, அதான் ஹெட்டு, அது மேல வருது. அப்புறம் எங்கிருந்து ஆறும்?

அடுத்தது கியர். உண்மையைச் சொல்லுங்க, மூணாவதுல இழுத்துட்டு, முடியாம போனப்புறம்தானே ரெண்டாவதுக்கு இறக்கினீங்க? புல்லட்காரங்க நூத்துல தொண்ணூறு பேரு இதைத்தான் செய்யறாங்க. "டக் டக்"னு மெதுவா அடிக்கறது கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஏத்தத்துல, இஞ்சின் சுத்து குறைவா இருக்கறப்ப ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா, உள்ள பெட்ரோல் தானா முந்தி வெடிக்கும். நீங்க கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். நாக்கிங். அந்தச் சத்தம் வந்த நிமிஷமே கியரை இறக்கி முறுக்கைக் குறைச்சிருக்கணும்.

ஆனா இது மட்டும் காரணமா இருக்காதுன்னு எனக்குப் படுது. இதே திம்பத்துல ரெண்டு பேரு, மூட்டை முடிச்சோட இதே இஞ்சின் முப்பது நாப்பது வருஷமா ஏறிட்டுத்தான் இருக்குது. வண்டியிலயும் ஏதோ இருக்கு. பிளக்கைக் கழட்டி நிறம் என்னன்னு சொல்லுங்க. புகை வெளிய போற பெண்ட் பைப் ஹெட்டுல சேர்ற இடத்துல நீலம் பாரிச்சிருக்கான்னு பாருங்க. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுத்தி விடுங்க, தானா ரெண்டு சுத்தாவது சுத்தணும். பாயிண்ட் கேப், அதாவது பாயிண்ட் திறக்கறப்ப விழற இடைவெளி, கடைசியா எப்ப வெச்சீங்க? இந்த நாலுக்கும் பதில் சொல்லுங்க, மத்ததைப் பேசலாம்.

---

வாத்தியார்_350 (நாமக்கல்)

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், அதனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நண்பர் கேட்ட "வேகமாகப் போனால்தானே சூடு" என்ற கேள்வி மிக நியாயமானது. சமதளத்தில் அது சரிதான். காற்றைக் கிழித்துப் போக வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். 60இல் போகிற வண்டி 80க்குப் போனால், காற்றுக்கு மட்டுமே இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். ஆகவே நெடுஞ்சாலையில் 50, 55இல் போகிறவரின் இஞ்சின் உண்மையிலேயே நிம்மதியாக இருக்கும்.

மலையில் கணக்கு மாறுகிறது. வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 310 கிலோ என்று வைப்போம். 100 மீட்டர் தூரத்துக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றம் என்று கொள்வோம். வெறும் 20 கி.மீ. வேகத்தில் அந்த எடையைத் தூக்கவே ஏறத்தாழ 1,200 வாட் வேண்டும். சமதளத்தில் 50இல் போகும்போது காற்றைக் கிழிக்கத் தேவைப்படுவது சுமார் 1,000 வாட். அதாவது, நீங்கள் உருட்டிக்கொண்டு போவதாக நினைத்த அந்த நேரத்தில் இஞ்சின் சமதளத்தில் 50இல் ஓடுகிற அளவுக்கு உழைத்திருக்கிறது. கிடைத்த காற்றோ 20க்கு உரியது. அதையும் லாரி மறைத்துவிட்டது.

இன்னொன்று, வார்ப்பிரும்பு. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. உங்கள் இஞ்சினில் ஹெட் அலுமினியம், கீழே இருக்கும் சிலிண்டர் இரும்பு. இரும்பு சூட்டை மெல்ல வாங்கும், மெல்லத்தான் விடும். அதனால்தான் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான் கொல்லிமலைக்கு மாதம் ஒரு முறையாவது போகிறவன். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தைவிட நெருக்கமானவை. சில வளைவுகளில் முதல் கியரைத் தவிர வேறு வழியே கிடையாது. நான் பழகிக்கொண்டது ஒன்றுதான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, ஃபின்னுக்கு அருகில் உள்ளங்கையை வைத்தால் சுடாத அளவு வந்த பிறகே ஏறத் தொடங்குவேன். வெயில் காலத்தில் அதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஏற்கெனவே சமதளத்தில் 80 கி.மீ. ஓடி வந்த சூட்டோடு ஏறுவதற்கும், ஆறிய இஞ்சினோடு ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் நாற்பதாவது வளைவில் தெரியும்.

---

ரெண்டு_ஸ்ட்ரோக் (திருச்சி)

நாலு ஸ்ட்ரோக் ஆளுங்களுக்குக் குறைஞ்சபட்சம் கீழ ஒரு குளம் எண்ணெய் இருக்கு. எங்க ஆர்எக்ஸ்100, யெஸ்டி ஓட்டுறவங்க நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பெட்ரோலோட சேர்ந்து போற எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயிர்.

அதனால எங்களுக்கு ஏத்தத்தைவிட இறக்கம்தான் பயம். நீளமான இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடி, கியர்லயே வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, இஞ்சின் வேகமா சுத்தும், ஆனா பெட்ரோலும் போகாது, அதோட எண்ணெயும் போகாது. ஏற்காடு இறங்கறப்ப ஒரு நண்பனோட யெஸ்டி இப்படித்தான் பின் சக்கரம் பூட்டி நின்னுச்சு. சட்டுனு கிளட்சைப் பிடிச்சதால விழாம தப்பிச்சான். அதுல இருந்து நாங்க இறக்கத்துல அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடிச்சு லேசா ஒரு முறுக்கு முறுக்கி எண்ணெயை உள்ள அனுப்புவோம். ரெண்டு ஸ்ட்ரோக் வெச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா மனசுல வெச்சுக்கங்க. நாலு ஸ்ட்ரோக்குக்கு இது தேவையே இல்ல, நீங்க தாராளமா கியர்ல இறங்கலாம், இறங்கவும் வேணும். வெறும் பிரேக்கை நம்பி இறங்கினா டிரம் சூடாகிப் பிடிக்காம போயிரும்.

---

கோட்டைவெயில் (வேலூர்)

எங்க ஊர் வெயிலைப் பத்திச் சொல்லவே வேணாம். நான் பாட்டில்ல தண்ணி வெச்சிருப்பேன். ரொம்ப சூடாயிட்டா ஃபின் மேல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துவேன், "சுர்"னு ஆவி பறக்கும், அஞ்சு நிமிஷத்துல ரெடி. தாத்தா காலத்துல ஈரச் சாக்கே போடுவாங்களாம்.

---

பட்டறைக்காரன் (பொள்ளாச்சி)

ஐயா, தயவு பண்ணி அதை நிறுத்துங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுப்புல காய்ஞ்ச இரும்புச் சட்டியில பச்சைத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு வீட்டுல கேளுங்க. ஒரு பக்கம் சடக்குனு சுருங்கும், இன்னொரு பக்கம் விரிஞ்சே இருக்கும். ஃபின்ல கீறல் விடும், ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் வழியா எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். வளைஞ்ச ஹெட்டு எத்தனையைக் கண்ணாடி மேல வெச்சுத் தேய்ச்சு மட்டம் பண்ணியிருக்கேன்னு கணக்கே இல்ல.

ஓடிக்கிட்டு இருக்கறப்ப மழை பெஞ்சா ஒண்ணும் ஆகாது, அது பரவலா, சீரா படும், காத்தும் கூட இருக்கு. நிறுத்தின வண்டியில ஒரே இடத்துல ஊத்தறதுதான் தப்பு. ஈரச் சாக்கும் வேணாம். அது காயற வரைக்கும் ஆத்தும், காய்ஞ்சதும் போர்வை மாதிரி சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்.

நிழல்ல நிறுத்துங்க. காத்து வர்ற பக்கமா முன் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்க. அது போதும்.

---

வைகைக்கரை (மதுரை)

சத்திரோடு அண்ணே, ஒரு கேள்வி. லெக் கார்டுல பை கட்டியிருந்தீங்களா?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. நான் மீட்டியார் 350 ஓட்டுறேன். 349 சிசி, காத்தும் எண்ணெயும் சேர்ந்து ஆத்துற இஞ்சின். மதுரையில இருந்து வத்தலக்குண்டு வழியா கொடைக்கானலுக்கு வருஷத்துல அஞ்சாறு தடவை தனியாவே போயிருவேன். கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், நீள ஏத்தம். ஒரு தடவை ரெண்டு நாள் தங்குறதுக்காக லெக் கார்டுல ரெண்டு பக்கமும் பை கட்டி, மழைக்கோட்டைச் சுருட்டி நடுவுல சொருகி வெச்சிருந்தேன். அன்னைக்கு மட்டும் ஏத்தத்துல கால் ரெண்டும் வெந்துருச்சு. நியூட்ரல் விழவே மாட்டேங்குது, கியர் மாத்துனா "டங்"குன்னு அடிக்குது. வழியில நிறுத்தி யோசிச்சப்பதான் புரிஞ்சுச்சு. இஞ்சினுக்குப் போற காத்து மொத்தத்தையும் நானே அடைச்சு வெச்சிருக்கேன். பையைக் கழட்டிப் பின்னாடி கேரியர்ல கட்டுனேன். அடுத்த பத்து கிலோமீட்டர்ல கியர் பழையபடி வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு.

கியர் முரண்டு பிடிக்குறதும் நியூட்ரல் கிடைக்காததும் சூட்டோட மொத அறிகுறின்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். சத்தம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கால் சொல்லிரும். இப்பல்லாம் கியர் கொஞ்சம் கடினமாச்சுன்னா அடுத்த நிழல்ல நின்னுருவேன்.

ஊருக்குள்ள இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு. கோரிப்பாளையம் சிக்னல்ல மே மாசம் நிக்குறப்ப, நொடி எண் இருபதுக்கு மேல காட்டுச்சுன்னா இஞ்சினை அணைச்சிருங்க. வண்டி நிக்குற நேரத்துல இஞ்சினுக்குக் காத்தே கிடையாது. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது பழைய பல் பிரஷ்ஷை வெச்சு ஃபின்னுக்கு இடையில இருக்குற சேறையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்ச்சு எடுங்க. சேறு காஞ்சு ஒட்டியிருந்தா அது இஞ்சினுக்குக் கம்பளி போத்துன மாதிரி.

---

ஜிஎஸ்டி_ரோடு (சென்னை)

வைகைக்கரை சொன்னது அத்தனையும் சரி. நான் 390 டியூக் வெச்சிருக்கேன், ரேடியேட்டர்ல சுத்தற கூலன்ட் திரவத்தால ஆத்தற இஞ்சின். எங்க வண்டிக்கு சூடு பிரச்சனையே இல்லன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இஞ்சினுக்குப் பிரச்சனை இல்ல, உக்காந்திருக்கறவனுக்கு இருக்கு. தாம்பரத்துல டிராஃபிக்ல நின்னா ஃபேன் ஓடி அந்த அனலை அப்படியே தொடை மேல தள்ளும்.

கூலன்ட் வண்டிக்காரங்களுக்கு நான் பாடுபட்டுக் கத்துக்கிட்டது. கூலன்ட் குறைஞ்சுதுன்னு போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க. நம்ம ஊர் தண்ணில இருக்கற உப்பு, கெட்டிலுக்குள்ள படியற மாதிரி ரேடியேட்டர் குழாய்க்குள்ள படியும். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க. உள்ள அழுத்தத்துல இருக்கறதாலதான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு. மூடியைத் திறந்தா அழுத்தம் போய் அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். வாட்டர் வாஷ் போடறப்ப பிரஷர் பைப்பை ரேடியேட்டருக்கு நேரா பிடிக்க விடாதீங்க, மெல்லிசான தகடு எல்லாம் மடிஞ்சு காத்துப் போற வழி அடைச்சிரும்.

சத்திரோடு நண்பருக்கு ஒரு யோசனை. ஆயில் கூலர் கிட் விக்கறாங்களே, அதைப் போட்டுரலாமே?

---

பட்டறைக்காரன் (பொள்ளாச்சி)

இப்ப வேணாம்னு சொல்லுவேன். பழைய வார்ப்பிரும்பு இஞ்சினோட எண்ணெய் பம்பு சின்னது. அது மேல வால்வைத் திறக்கற ராக்கருக்கு எண்ணெய் அனுப்பறதே ஒரு வேலை, அதுகிட்ட இன்னொரு மீட்டர் குழாயைச் சுத்தி வான்னு சொன்னா எங்கயாவது குறையும். நோவு எதுன்னு கண்டுபிடிக்காம மருந்து ஊத்தக் கூடாதுங்க. தம்பி பிளக்கைப் பாத்துட்டு வரட்டும்.

---

சத்திரோடு (கோவை)

பாத்துட்டேன்ங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

லெக் கார்டுல பை இருந்துச்சுங்க வைகைக்கரை. தண்ணி பாட்டில், துண்டு, சாப்பாட்டு டப்பா எல்லாம் அதுலதான். நீங்க கேக்கற வரைக்கும் அதைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. மூணாவது கியர்ல இழுத்ததும் உண்மைதாங்க அண்ணே.

பிளக் நுனி சாக்பீஸ் மாதிரி வெள்ளை. பெண்ட் பைப்ல ஒரு ஜாண் நீளத்துக்கு ஊதா நிறம். பின் சக்கரம் கையால தள்ளினா முக்கால் சுத்துல நின்னுருது. அதை ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, அப்பா காலத்துல இருந்து வண்டியைப் பாக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட போனேன். அவருக்கு எழுபது வயசுக்கு மேல, இப்ப பட்டறை வெக்கறதில்ல. வீட்டு வாசல்லயே வெச்சுப் பாத்தார்.

மொதல்ல வண்டியை ஐடிலிங்ல ஓட விட்டு, கார்பரேட்டர் ஹெட்டோட சேர்ற இடத்துல கிளீனர் ஸ்பிரேவைக் கொஞ்சமா அடிச்சார். உடனே இஞ்சின் சத்தம் மாறுச்சு. அப்ப அந்த இடத்துல காத்தை உறிஞ்சுதுன்னு அர்த்தம்னார். கழட்டினா, நடுவுல இருக்கற கேஸ்கெட் ஒரு ஓரத்துல பொடிஞ்சு போயிருக்கு. கார்பரேட்டர் அளந்து விடற காத்துக்கு மேல திருட்டுக் காத்தும் சேர்ந்து உள்ள போயிருக்கு. பெட்ரோல் குறைவு, காத்து அதிகம். அதனாலதான் பிளக் வெளுத்து, உள்ள அனல் ஏறியிருக்கு.

அடுத்தது பாயிண்ட். கேப் 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கணும்ங்கறார். என் வண்டியில அதுல பாதிகூட இல்ல. கேம் மேல உரசற அந்தச் சின்ன ஃபைபர் கட்டை தேய்ஞ்சு தேய்ஞ்சு கேப் மூடிக்கிட்டே வந்திருக்கு. கேப் குறைஞ்சா டைமிங், அதாவது பிளக்ல பொறி விழற நேரம், பிந்தும். பிந்தி எரியற நெருப்பு பிஸ்டனைத் தள்ளற வேலையை விட்டுட்டு வால்வையும் பெண்ட் பைப்பையும் சுட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஊதா நிறம் அதனாலதான்.

இங்கதான் எனக்கு மனசு கனத்துப் போச்சு. அப்பா ஒரு நோட்டு வெச்சிருந்தார். பெட்ரோல், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதுவார். பெரியவர் கேட்டார்னு எடுத்துப் புரட்டினேன். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை "பாயிண்ட் சுத்தம், கேப் வைத்தது, ஃபெல்ட் எண்ணெய்"னு அவர் கையெழுத்து. புள்ளி வெச்ச மாதிரி, ஒண்ணுகூடத் தவறல. கடைசிப் பதிவு அவர் கடைசியா வண்டி ஓட்டின காலத்துது. அதுக்கப்புறம் அந்த மூடியை யாரும் திறக்கல. நான் வண்டிக்கு பெயின்ட் அடிச்சேன், சீட் மாத்தினேன், குரோம் மினுக்கினேன். அந்த நோட்டைப் படிச்சுப் பாக்கணும்னு தோணவே இல்லைங்க.

பின் பிரேக் ராடை ரெண்டு திருகு தளர்த்தினதும் சக்கரம் நாலு சுத்து சுத்துது. அதையும் இத்தனை நாள் இழுத்துக்கிட்டேதான் ஓடியிருக்கு.

---

பட்டறைக்காரன் (பொள்ளாச்சி)

நோட்டை பத்திரமா வெச்சுக்கங்க தம்பி. இனிமே அதுலயே எழுதுங்க.

ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ஒண்ணு டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. இஞ்சின் ராத்திரி முழுக்க ஆறினப்புறம் காலைல மூடியைத் திறந்து, பிஸ்டன் மேல வந்து ரெண்டு வால்வும் மூடின நிலைக்குக் கொண்டுவந்து பாருங்க. வால்வைத் திறக்கத் தள்ளற கம்பி, புஷ்ராட், ரெண்டும் விரல்ல உருட்டினா உருளணும், மேல கீழ ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் ராட் இறுக்கமா இருந்தா சூட்டுல வால்வு முழுசா மூடாது. நீங்க மிதிச்சப்ப கம்ப்ரஷன் இல்லாம கால் இறங்குச்சுன்னு எழுதினீங்களே, எனக்கு அதுலதான் சந்தேகம். சூட்டுல எல்லாம் நீண்டு வால்வு லேசா திறந்தே இருந்திருக்கும். ஆறினதும் மூடிக்கிச்சு, வண்டியும் ஸ்டார்ட் ஆயிருச்சு.

இன்னொண்ணு பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால அது எரிய காத்து குறைவாத்தான் வேணும். ஃபியூல் இஞ்செக்ஷன் வண்டி சென்சாரை வெச்சு அதுவே சரிபண்ணிக்கும். கார்பரேட்டருக்குக் கண்ணு இல்ல. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு வெச்ச ஜெட்டு (பெட்ரோலை அளந்து விடற துளை) இந்தப் பெட்ரோலுக்குக் கொஞ்சம் வறட்சியாத்தான், அதாவது பெட்ரோல் பத்தாமத்தான், ஓடும். கேஸ்கெட் மாத்தி, டைமிங் வெச்சு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பிளக்கைப் பாருங்க. அப்பவும் வெளுப்பா இருந்தா மெயின் ஜெட் ஒரு அளவு ஏத்துங்க. காப்பித்தூள் நிறம் வந்தா போதும், கருப்பாக விட்டுறாதீங்க.

---

ஜிஎஸ்டி_ரோடு (சென்னை)

ஆயில் என்ன ஊத்தியிருக்காரு? முழு சிந்தெடிக் போட்டா இன்னும் குளிர்ச்சியா இருக்கும்தானே?

---

வாத்தியார்_350 (நாமக்கல்)

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பழைய வார்ப்பிரும்பு இஞ்சினுக்குப் பலரும் ஊற்றுவது 20டபிள்யூ-50. முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பது, பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நம் வெயிலுக்கு அந்த 50தான் முக்கியம். சிந்தெடிக் சூட்டில் சீக்கிரம் சிதையாது, அது உண்மை. ஆனால் இடைவெளிகள் தாராளமாக இருக்கும் பழைய இஞ்சினில், அளவு சரியாக உள்ள சாதாரண எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே போதுமானது. விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு அளவுக் குச்சியைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இஞ்சினின் சூட்டில் கணிசமான பங்கை எண்ணெய்தான் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. அரை லிட்டர் குறைந்தால் சுமக்கும் ஆள் குறைந்த மாதிரி.

புதிய வண்டிக்காரர்கள் கார் எண்ணெயை ஊற்ற வேண்டாம். கிளட்ச் தகடுகள் அதே எண்ணெயில்தான் நனைகின்றன, வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

---

சத்திரோடு (கோவை)

மூணு வாரம் கழிச்சு எழுதறேன்ங்க. நேத்து மறுபடி திம்பம் போனோம்.

எக்ஸாஸ்ட் புஷ்ராட் இறுக்கமாத்தான் இருந்துச்சு அண்ணே, நீங்க சொன்னது அப்படியே. அதைச் சரிபண்ணி, 20டபிள்யூ-50 மாத்தி, ஜெட்டும் ஒரு அளவு ஏத்தியாச்சு. பையெல்லாம் பின்னாடி கேரியருக்குப் போயிருச்சு.

காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். அன்னூர் தாண்டறப்ப இன்னும் இருட்டு. கோயமுத்தூர்ல இருந்து இத்தனை தடவை போயிருக்கேன், அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் தோட்டத்துக்குத் தண்ணி பாயற வாசம் வரும்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. புளியம்பட்டில டீ. சத்தி வர்றப்ப பவானி ஆத்துப் பாலத்துல வெளிச்சம். பண்ணாரில வண்டியை மரத்தடில, காத்து வர்ற பக்கம் திருப்பி நிறுத்திட்டு, கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். முப்பத்தஞ்சு நிமிஷம். வாத்தியார் சொன்ன மாதிரி உள்ளங்கையை ஃபின்கிட்ட வெச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே வெச்சு 25ல ஏறினேன், வளைவுல முதல் கியர். இஞ்சின் கொஞ்சம் வேகமா சுத்தற சத்தம் மொதல்ல காதுக்குப் புதுசா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பழகிருச்சு, அப்படி ஓடறதுதான் அதுக்கு லேசுன்னு கைப்பிடியிலயே தெரியுது. 11ஆவது வளைவுல ஒரு லாரி கிடைச்சுது. ஒட்டிக்கிட்டுப் போகாம, ஒரு வளைவு இடைவெளி விட்டு, அது திரும்பி மேல போனப்புறம் நான் நகர்ந்தேன். பின்னாடி வந்த பஸ்காரர் ஒரு தடவை ஹாரன் அடிச்சார், கையைக் காட்டினதும் புரிஞ்சுக்கிட்டார்.

27 வளைவும் முடிஞ்சு மேல வந்தப்ப கூழாங்கல் சத்தம் ஒரு தடவைகூட வரலைங்க. குளிர் காத்து முகத்துல அடிச்சுது. ஆசனூர் போற வழியில ரோட்டோரம் ஒரு தாய் யானையும் குட்டியும். கரும்பு லாரிக்காகக் காத்திருக்கும்போல. ரொம்ப தூரத்துலயே வண்டிங்க வரிசையா நின்னுருச்சு. நானும் இஞ்சினை அணைச்சிட்டு நின்னேன். போன தடவையா இருந்தா அணைக்கப் பயந்திருப்பேன், மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு. கால் மணி நேரம் கழிச்சு அதுங்க காட்டுக்குள்ள இறங்கிருச்சு. ஒரே மிதி.

ஆசனூர்ல இட்லி சாப்பிட்டுட்டு பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். காப்பித்தூள் நிறம்ங்க அண்ணே. ஃபோட்டோ கீழ போட்டிருக்கேன். நோட்டுல நேத்து தேதி போட்டு எழுதிட்டேன்.

---

பட்டறைக்காரன் (பொள்ளாச்சி)

பிளக் நல்லா இருக்கு தம்பி. புது கேஸ்கெட் இன்னும் அமுங்கும், 200 கிலோமீட்டர் ஓடினதும் கார்பரேட்டர் நட்டை ரெண்டு பக்கமும் சமமா ஒரு கால் திருகு இறுக்கிக்கங்க. ஒரே பக்கம் இறுக்கினா ஃபிளாஞ்சு, அந்த நட்டு உக்கார்ற தகடு, வளைஞ்சுரும்.

---

வைகைக்கரை (மதுரை)

படத்துல பெண்ட் பைப்புக்குப் பக்கத்துல ஒரு மஞ்சள் துண்டு தொங்குதே அண்ணே, அண்ணி காயப் போட்டதா? அதையும் பின்னாடி கட்டச் சொல்லுங்க, பத்திக்கும். வால்பாறைக்கு எப்பப் போறீங்கன்னு சொல்லுங்க, ஆழியார்ல வந்து சேர்ந்துக்குறேன். 40 வளைவு, வழியில வரையாடு பாக்கலாம்.